அதிகார ஆவணமும் பாதுகாவலரும்: மனத்திறன் இழந்த குடும்ப உறுப்பினர் குறித்த இந்தியச் சட்டநிலை

ஆய்வுச்சுருக்கம்

முதுமையிலோ நோயிலோ குடும்பத்தார் தம் சார்பில் செயற்பட வேண்டும் என்னும் நோக்கில் பலர் அதிகார ஆவணம் எழுதி வைக்கின்றனர். எழுதியவர் மனத்திறனை இழந்தவுடன் அவ்வாவணம் இந்தியச் சட்டப்படி முடிவுக்கு வருகிறது. அதன்பின் அவர்தம் சொத்தை நிருவகிக்கும் பாதுகாவலரை அமர்த்துவதற்கான சட்டவழி, மறதிநோயாளர்க்கும் நினைவிழந்து கிடப்போர்க்கும் தெளிவாக இல்லை. இவ்விடைவெளியை உயர்நீதிமன்றங்கள் நிரப்பிவரும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அதிகார ஆவணம், பாதுகாவலர், மனத்திறன், நீதிப்பேராணை, ஒப்பந்தச் சட்டம்

அதிகார ஆவணத்தின் எல்லை

மக்கள் வழக்கில் ‘பவர் பத்திரம்’ எனப்படும் அதிகார ஆவணம், சட்டநோக்கில் ஒரு முகவர் நியமனமே ஆகும். 1882ஆம் ஆண்டின் அதிகார ஆவணச் சட்டம் மிகச் சிறியது. முகவர் உறவின் தோற்றத்தையும் முடிவையும் வரையறுப்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமாகும். அதன் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் அளித்தவர் இறந்தாலும் மனநிலை பிறழ்ந்தாலும் முகவரின் அதிகாரம் அற்றுப்போகிறது. முகவர் தன்னளவில் செய்வது அளித்தவர் தாமே செய்யக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதே இதன் அடிப்படை. தாம் ஒப்பந்தம் செய்ய இயலாத ஒருவரின் சார்பில் பிறரும் செய்ய இயலாது.

202ஆம் பிரிவு இதற்கு ஒரு விலக்கை அளிக்கிறது. முகவர்க்கு அச்சொத்தில் சொந்த உரிமைநலன் இருப்பின், அந்நலனுக்குக் கேடாக அதிகாரம் முடிவுறாது. கடன் கொடுத்து, அதை ஈடுசெய்து கொள்ள விற்பனை அதிகாரம் பெற்றவர்க்கு இது பொருந்தும். தந்தையின் மருத்துவச் செலவுக்காக அவர்தம் வீட்டை விற்க முனையும் மகளுக்கு இது பொருந்தாது. முகவர் உறவு இவ்வாறு முடிந்தபின், ஒப்படைக்கப்பட்ட நலன்களைக் காப்பதற்கு உரிய நடவடிக்கை எடுக்கும் கடமையை மட்டும் 209ஆம் பிரிவு முகவர்மேல் சுமத்துகிறது. காப்பது வேறு, விற்பது வேறு.

நடைமுறையில் இவ்வெல்லை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தமிழ்நாட்டுச் சார்பதிவாளர் அலுவலகங்களில், முகவர் வழியாக எழுதப்படும் கிரயப் பத்திரத்துடன் அதிகாரம் அளித்தவரின் உயிர்வாழ்வுச் சான்று கேட்கப்படுகிறது. அச்சான்று உயிரை உறுதிசெய்கிறதேயன்றி மனத்திறனை உறுதிசெய்வதில்லை. ஆகவே, மறதிநோய் முற்றிய ஒருவரின் பெயரால் முகவர் எழுதிய பத்திரம் தடையின்றிப் பதிவாகிவிடலாம். ஆண்டுகள் கழித்து மற்றொரு வாரிசு வழக்குத் தொடுக்கும்போதே அதன் செல்லுபடித்தன்மை கேள்விக்குள்ளாகும். நல்லெண்ணத்துடன் செயற்பட்ட மகனும் ஏமாற்ற முனைந்த மகனும் அப்போது ஒரே நிலையில் நிற்க நேர்கிறது.

இதற்கு மாறாக இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டம், மனத்திறன் இழந்தபின்னும் தொடரும் அதிகார ஆவணத்தை ஏற்றது. 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் அதற்கு மாற்றாகப் புதிய நீடித்த அதிகார ஆவணத்தைக் கொண்டுவந்தது. பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவுசெய்யப்படாத வரை அவ்வாவணத்தைப் பயன்படுத்த இயலாது. சிங்கப்பூரும் 2008இல் இதையொத்த சட்டத்தை இயற்றியது. இந்தியச் சட்டத்தில் இத்தகைய ஆவணம் இல்லை.

பாதுகாவலர் நியமனம்: சட்டங்களின் இடைவெளி

1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்புக்குரியோர் சட்டமும், 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டமும் பதினெட்டு வயது நிறையாதோர்க்கு உரியவை. பெரியவர்களைப் பொறுத்தமட்டில், 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மாவட்ட நீதிமன்ற விசாரணையின்வழி மனநோயாளரின் சொத்துக்கு மேலாளரை அமர்த்த இடமளித்தது. அதனை நீக்கி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, முன்கூட்டிய நெறியுரையையும் நியமனப் பிரதிநிதியையும் அறிமுகப்படுத்தியது. நோயாளரின் உரிமைநோக்கில் இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் அப்பிரதிநிதியின் பணி மனநலச் சிகிச்சையோடு நின்றுவிடுகிறது. வங்கிக் கணக்கோ வீடோ அவர் எல்லைக்குள் வருவதில்லை. பழைய சட்டத்தின் சொத்து நிருவாக இயலுக்கு ஈடான ஒன்று புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவின்வழிப் பாதுகாவலரை அமர்த்துகிறது. அவர் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலும், நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்திற்குள் கணக்கும் அளித்தல் வேண்டும். செலவு குறைந்த, எளிய முறை இது. ஆனால் புற உலகச் சிந்தனைக் குறைபாடு எனப்படும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கு மட்டுமே அது உரியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர், மாற்றுத்திறனாளியின் விருப்பத்திற்கு இணங்க, அவரோடு சேர்ந்து முடிவெடுப்பவர். விருப்பத்தை வெளிப்படுத்த இயலாது படுக்கையில் கிடப்பவரிடம் இக்கூட்டு முடிவு எங்ஙனம் அமையும்?

நீதிமன்றங்கள் வகுத்த வழி

இந்நிலையில் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் உறுப்பு துணைக்கு வந்தது. தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவர்க்கு அரசே தந்தை என்னும் கோட்பாட்டின் அடிப்படையில் உயர்நீதிமன்றங்கள் பாதுகாவலரை அமர்த்துகின்றன. கேரள உயர்நீதிமன்றம் 2019இல் இதற்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. மருத்துவக் குழு நோயாளரின் நிலையை உறுதிசெய்தல், வட்டாட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய் அலுவலர் நேரில் விசாரித்தல், பாதுகாவலர் தம் நடவடிக்கைகள் குறித்துக் காலந்தோறும் அறிக்கை அளித்தல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை.

சென்னை உயர்நீதிமன்றம் 2024 மே மாதம் அளித்த தீர்ப்பு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. நினைவிழந்த கணவரின் சொத்தை விற்கும் பொருட்டு மனைவி தொடுத்த நீதிப்பேராணை மனுவைத் தனி நீதிபதி ஏற்காது, உரிமையியல் நீதிமன்றத்தை நாடுமாறு கூறினார். மேல்முறையீட்டில் இருநீதிபதிகள் அமர்வு மனைவியையே பாதுகாவலராக அமர்த்தியது. நினைவிழந்த ஒருவரைப் பராமரிக்கும் குடும்பத்தை மற்றொரு நீண்ட வழக்குக்கு அனுப்புவது முறையன்று என்பது அமர்வின் பார்வை. விற்பனைக்கு இசைந்த அதே வேளையில், ஐம்பது இலட்சம் ரூபாயைக் கணவரின் பெயரில் நிலைவைப்பாக இடவும் அதன் வட்டியை மனைவி எடுத்துக்கொள்ளவும் ஆணையிட்டது. குடும்பத்தின் மீதான நம்பிக்கையும் நோயாளரின் பங்கைக் காக்கும் எச்சரிக்கையும் ஒருசேர அமைந்த ஆணை இது.

ஆயினும் நீதிப்பேராணை எல்லார்க்கும் எட்டும் வழியன்று. ஓய்வூதியக் கணக்கிலிருந்து சில ஆயிரம் ரூபாய் எடுக்கவேண்டிய குடும்பம் அதற்காக உயர்நீதிமன்றம் செல்வதை எதிர்பார்க்க இயலாது. 201ஆம் பிரிவில் நீடித்த அதிகார ஆவணத்திற்கு இடமளிக்கும் திருத்தம் பயனுடையதே. எனினும் கண்காணிப்பற்ற நீடித்த அதிகாரம், தள்ளாத பெற்றோரின் சொத்தைப் பறிக்கும் கருவியாகவும் மாறக்கூடும். கணக்குக் கேட்கும் அமைப்பொன்று உடன் வேண்டும். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் உள்ளூர்க் குழு அப்பணிக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. அச்சட்டத்தின் 2ஆம் பிரிவிலுள்ள குறைபாடுகளின் வரையறையை விரித்து, மறதிநோயையும் நீடித்த நினைவிழப்பையும் அதனுள் சேர்ப்பது நாடாளுமன்றம் முதலில் எடுத்துவைக்கத்தக்க அடியாகும்.