பாட்டியின் வீணைக்கு மறுவாழ்வு

மைசூருவுக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கபிலை ஆற்றங்கரையில் அமைந்துள்ளது நஞ்சன்கூடு. இங்கு எழுந்தருளியுள்ள நஞ்சுண்டேசுவரர் நோய் தீர்க்கும் இறைவன் என்பது மக்களின் நம்பிக்கை. தம் யானையின் கண்நோய் நீங்கியதால் திப்பு சுல்தான் இவரை 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று அழைத்ததாகக் கூறுவர். 'ஹக்கீம்' என்றால் மருத்துவர். இவ்வூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் இல்லத்தில் அண்மையில் வேறொரு மருத்துவத்தைக் கண்டோம். அங்கே குணம் பெற்றது ஒரு பழைய வீணை.

பாட்டி மறைந்த பின் அது பல ஆண்டுகள் கூடத்தில் காட்சிப் பொருளாகவே இருந்தது. தந்திகள் துருப்பிடித்தன. மெழுகு வெடித்து மெட்டுகள் சில பெயர்ந்தன. விற்றுவிடலாம் என்று வீட்டார் எண்ணியிருந்த வேளையில், பேத்தி வீணை பயில விரும்பினாள்.

மைசூரு, வீணை சேஷண்ணா (1852–1926) அரசவை வித்துவானாக விளங்கிய நகரம். தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் எப்படியோ, மைசூரு வீணைக்கு ஈட்டி மரம் அப்படி. அங்கிருந்து வந்த கைவினைஞர் முதலில் குடத்தைத் தட்டிப் பார்த்தார்; விரிசலோ பூச்சி அரிப்போ உண்டா என்று ஆராய்ந்தார். மரம் நலமாக இருந்தது. மங்கிய மெருகை அவர் பொருட்படுத்தவில்லை. வழுக்கிய பிரடைகளைச் சீர்செய்து, குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டைத் தேய்த்துச் சமப்படுத்தினார். பின்னர் வாசிப்புத் தந்திகள் நான்கையும் பக்கத்தில் செல்லும் தாளத் தந்திகள் மூன்றையும் புதிதாகப் பூட்டினார்.

அதன்பின் தொடங்கியது மேளம் கட்டும் பணி. போர்த்துக்கீசிய கிதாரில் 12 தந்திகள் உண்டு. ஆயினும் அதன் மெட்டுகள் மரத்திலேயே பதிக்கப்பட்டவை. வீணையின் 24 மெட்டுகளோ மெழுகின் மேல் அமர்பவை. பழைய மெழுகை முழுவதும் அகற்றி, புதிய மெழுகை இளக்கி இட்டு, ஒவ்வொரு மெட்டையும் செவியால் சுருதி பார்த்தே நிறுத்த வேண்டும். ஒரு மெட்டு மயிரிழை விலகினாலும் சுரம் பிசகும். வெயிலில் மெழுகு இளகுவதால், நன்கு பேணப்படும் வீணைக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்பணி தேவைப்படும். ஆகவே மெட்டு பெயர்ந்த வீணை பயனற்றது அன்று. அதற்குரிய பராமரிப்பு தவறிவிட்டது, அவ்வளவே.

பணி முடிந்ததும் பேத்தி சரளி வரிசையை மெல்ல வாசித்தாள். "அம்மா வாசித்த அதே நாதம்," என்றார் அவள் தந்தை. அதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை.

நம் இல்லத்திலும் இத்தகைய வீணை இருக்கலாம். அதை வெயில் படாத இடத்தில் வையுங்கள். நெடுநாள் வாசிக்காவிடில் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள். வார்னிஷ் பூசவோ விற்கவோ முடிவெடுக்கும் முன், மேளம் கட்டத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.