எந்தத் தாளை எடுப்பது?

நம் விடுதியில் மாடிக்கு ஒரு கித்தாராவது இருக்கும். அதை வாசிப்பவர்களில் பலர், என்னைப் போல, அச்செடுத்த தாளைப் பார்த்துத் தாமாகவே பழகியவர்கள். தமிழ்ப்பள்ளியில் ரெக்கார்டர் ஊதியதோடு என் இசைக்கல்வி முடிந்துவிட்டது. ஐந்து கோட்டு இசைக்குறியீட்டைக் கண்டால் இன்றும் தடுமாறுவேன். ஆகவே டேப்லேச்சர், சுருக்கமாக ‘டேப்’, எனக்குக் கிடைத்த வரப்பிரசாதம். ஆனால் தேவைக்குப் பொருந்தாத தாளை எடுத்தால் அதுவே காலை வாரிவிடும் என்பதை ஒரு கலை இரவு ஒத்திகையில் கற்றுக்கொண்டேன்.

டேப் என்பது என்ன? ஆறு கோடுகள், அவை கித்தாரின் ஆறு தந்திகள். மேல்கோடு மிக மெல்லிய முதல் தந்தி. கீழ்க்கோடு தடித்த ஆறாவது தந்தி. கோட்டின்மீதுள்ள எண், எந்தப் பிரெட்டில் விரல் வைக்க வேண்டும் என்று சொல்லும். சுழியம் என்றால் விரல் வைக்காமல் மீட்ட வேண்டும். இது இணையம் தந்த புதுமை என்று பலர் நினைக்கிறோம். உண்மையில், 1507-ஆம் ஆண்டிலேயே வெனிஸ் நகரில் ஸ்பினாச்சினோவின் லூட் இசைநூல் இம்முறையில் அச்சேறியது.

டேப்பின் பலம் என்னவென்றால், அது விரலுக்கு இடம் காட்டும். முதல் தந்தியை வெறுமனே மீட்டினால் வரும் அதே சுரம் இரண்டாம் தந்தியின் 5-ஆம் பிரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9-ஆம் பிரெட்டிலும் கிடைக்கும். இவற்றுள் எதை வாசிப்பது என்பதை டேப் சந்தேகமின்றிச் சொல்லிவிடும். அதன் பலவீனம் காலம். வெறும் எண்கள் மட்டுமுள்ள டேப்பில், ஒரு சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பது இராது. பாடலை முன்பே கேட்டுப் பழகிய காதுதான் அந்தக் குறையை நிரப்ப வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். கலை இரவுக்காக ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’ பாடலைத் தேர்ந்தெடுத்தோம். இளையராஜா இசையில் கித்தாரோடு தொடங்கும் அப்பாடலுக்கு முழு டேப்பையும் அச்செடுத்து மூன்று வாரம் பயிற்சி செய்தேன். ஒத்திகையில் பாட வந்த முதலாமாண்டுத் தம்பி, “அண்ணே, சுருதி ஒசரமா இருக்கு. ஒரு கட்டை இறக்கலாமா? பல்லவிய இன்னொரு தடவ பாடுறேன்” என்றான். எனக்கு வியர்த்துவிட்டது. என் கையில் பக்கம் பக்கமாக எண்கள்தாம் இருந்தன. நான் எந்தக் கோர்ட்டில் இருக்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. அவன் பல்லவிக்குத் திரும்பியபோது நான் தாளில் இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

மூத்த மாணவர் ஓர் அண்ணன் என் தாளைப் பார்த்துச் சிரித்தார். “பாட்டுக்குத் துணை வாசிக்க இது எதுக்குடா?” என்று கேட்டு, பாடல் வரிகளுக்கு மேல் கோர்ட் பெயர்கள் எழுதிய ஒரே தாளைக் கொடுத்தார். ஆறு தந்திகளையும் ஒரு கட்டை தளர்த்தச் சொன்னார். கோர்ட் வடிவம் மாறவில்லை, சுருதி இறங்கிவிட்டது. சுருதியை ஏற்ற வேண்டுமானால் கேப்போ போதும். ஒரு பிரெட்டுக்கு அரைக் கட்டை ஏறும்.

அன்று முதல், தாளைத் தேடுமுன் என் தேவை என்ன என்று கேட்டுக்கொள்கிறேன். பாடுபவருக்குத் துணையாக வாசிப்பதென்றால் கோர்ட் தாள் சிறந்தது. பாடகர் நீட்டினாலும் திரும்பினாலும் கூடவே போகலாம். முகப்பிசை போன்ற ஒரு பகுதியை அப்படியே வாசிக்க வேண்டுமானால் டேப் வேண்டும். கேட்டறியாத இசையையோ தாளம் சிக்கலான பகுதியையோ வாசிப்பதென்றால், மேலே இசைக்குறியீடும் கீழே எண்களும் சேர்ந்த டேப்பே உதவும். தனியே பழகுபவர்களுக்குக் கித்தார் புரோ, டக்ஸ்கித்தார் போன்ற மென்பொருள்கள் பொருத்தமானவை. அவை டேப்பை ஒலித்துக் காட்டும், வேகத்தையும் குறைக்கலாம். டக்ஸ்கித்தார் இலவசம் என்பது மாணவர்களுக்கு நற்செய்தி!

எதை எடுத்தாலும் இரண்டைக் கவனியுங்கள். முதலில், தந்திகளின் சுருதியும் கேப்போ இருக்கும் இடமும் தாளின் தலைப்பில் உள்ளனவா என்று பாருங்கள். அவை தவறினால் எல்லா எண்ணும் தவறாக ஒலிக்கும். அடுத்து, பாடலை ஒலிக்கவிட்டு முதல் சில வரிகளை ஒப்பிடுங்கள். டேப் பெரும்பாலும் யாரோ ஒருவர் காதால் கேட்டு எழுதியது, பிழை இருக்கலாம். நம் பாடல்களில் வரும் கமகங்களை, சறுக்குக்கோடும் வளைவுக்குறியும் ஓரளவுதான் காட்டும். மீதியைப் பாட்டிடம்தான் கேட்க வேண்டும்.

கலை இரவன்று முகப்பிசையை டேப்பில் மனனம் செய்திருந்தேன். மற்றவற்றை அண்ணன் கொடுத்த தாளைப் பார்த்து வாசித்தேன். தம்பி பல்லவியை மூன்று முறை பாடிவிட்டான். இம்முறை நான் தாளில் இடம் தேடவில்லை; அவன் முகத்தைப் பார்த்தே வாசித்து முடித்தேன்.