பாரிசவாயுவும் காலத் தாழ்வும்

உடலின் ஒரு பக்கம் திடீரெனச் செயலிழக்கும் நோயைத் தமிழர் பக்கவாதம் என்றும் பாரிசவாயு என்றும் வழங்குவர். வாதமும் வாயுவும் காற்றைக் குறிக்கும் சொற்களாம். மலாய் மக்கள் இதே நோயை ‘அங்கின் அஹ்மார்’ என்பர். செங்காற்று என்பது அதன் பொருள். சீனர் வழங்கும் ‘சோங் ஃபெங்’ என்ற பெயருக்கும் காற்றால் தாக்குண்டமை என்பதே பொருள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அடுத்தடுத்து வாழும் மூவினத்தாரும் இந்நோய்க்குக் காற்றின் பெயரையே இட்டிருப்பது கருதத்தக்கது.

பெயர் பழமையானதாய் இருப்பதில் குற்றமில்லை. ஆயின், பெயர் காட்டும் வழியிலேயே மருத்துவமும் செல்லுமானால் கேடு விளையும். வாயு பிடித்த உறுப்புக்கு எண்ணெய் தேய்ப்பதும் உருவிவிடுவதும் ஒத்தடம் கொடுப்பதும் பலருடைய வழக்கம். பாரிசவாயுவோ கையிலும் காலிலும் தோன்றுவதன்று, மூளையில் தோன்றுவது.

நோயின் இயல்பு

இதனை 1658-ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் யாக்கோப் வெப்ஃபர் தம் நூலில் எடுத்துக்காட்டினார். இந்நோயால் இறந்தோரின் உடலை அறுத்து ஆராய்ந்து, மூளைக்குள் குருதி கசிந்திருந்ததை அவர் கண்டார். மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் உண்டாகிறது. அடைப்பினால் வருவதே மிகுதி. பெருங்குழாய் ஒன்று அடைபட்டு மருத்துவம் செய்யப்படாதவிடத்து, நிமிடந்தோறும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என 2006-இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் கணக்கிட்டார். மடிந்த நரம்பணு மீண்டும் உயிர்ப்பதில்லை.

மருந்தும் மணிக்கணக்கும்

குழாயை அடைத்த குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, நோய் தொடங்கிய 3 மணி நேரத்திற்குள் செலுத்தினால் பயனுண்டு என்பதை 1995-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு மெய்ப்பித்தது. 2008-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு அவ்வெல்லையை நாலரை மணியாக நீட்டியது. மெல்லிய குழல் ஒன்றைக் குருதிக்குழாய் வழியே செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறையின் பயனை 2015-இல் பல ஆய்வுகள் நிறுவின. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் இம்முறை உதவக்கூடும் என்பது 2018-இல் தெளிவாயிற்று. எல்லை நீண்டதனால் தாமதிக்கலாம் என்று கொள்ளுதல் பிழை. எந்த முறையாயினும் முந்திச் செய்தால் பயன் மிகும், பிந்தினால் குறையும்.

தாழ்வு நேர்வது எங்கே?

நோயாளர் பலர் இவ்வெல்லைக்குள் மருத்துவமனையை அடைவதில்லை. நீண்ட வழியும் நெரிசலான சாலையும் காரணம் என்று தோன்றலாம். பல நாட்டு ஆய்வுகள் கண்டது வேறு. காலத்தின் பெரும்பகுதி, உதவிக்கு அழைக்குமுன் வீட்டிலேயே கழிந்துவிடுகிறது.

முதற் காரணம், இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. நெஞ்சு வலித்தால் அஞ்சுவோர், கை மரத்தால் படுத்தெழுந்தால் சரியாகும் என்று எண்ணுவர். சிலருக்கு அறிகுறிகள் சிறிது நேரத்தில் தாமே மறைந்துவிடும். அது நோய் நீங்கியதன் அடையாளமன்று. பெருந்தாக்குதல் பின்வரலாம் என்னும் எச்சரிக்கையாகும்.

இரண்டாவது, உதவி கேட்கும் ஆற்றலையே இந்நோய் பறித்துவிடுகிறது. பெரும்பாலோர்க்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தைச் சார்ந்தது. அப்பக்கம் தாக்குண்டவர் தம் நிலையை உணர்ந்தும் சொல்ல இயலாது தவிப்பர். வலப்பக்கம் தாக்குண்டவருள் சிலரோ, இடக்கை செயலற்றுக் கிடந்தும், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று தெளிவாகவே கூறுவர். இது பிடிவாதமன்று, நோயின் கூறே ஆகும். 1914-இல் ஃபிரெஞ்சு மருத்துவர் பாபின்ஸ்கி இந்நிலையை விளக்கிப் பெயரிட்டார். ஆகவே, நோயாளி ‘வேண்டா’ என்று தடுப்பதைக் கேட்டு அமைதியடைவது தகாது.

மூன்றாவது, உறக்கம். இரவு 10 மணிக்கு நலமாய்ப் படுத்தவர் காலை 6 மணிக்கு வாய் கோணி எழுந்தால், நோய் தொடங்கிய நேரம் எவர்க்கும் தெரியாது. கடைசியாக நலமாய்க் காணப்பட்ட நேரமே கணக்கிற்கு வரும்.

நான்காவது, கலந்துபேசுதலில் கழியும் நேரம். மகன் வேலையிலிருந்து வரட்டும் என்பதும், முதலில் பக்கத்துக் கிளினிக்கில் காட்டுவோம் என்பதும் அன்பினால் செய்வனவே. ஆயினும், அடைப்பா கசிவா என்று மூளையைப் படமெடுத்துப் பார்த்தறியாமல் மருந்து செலுத்த இயலாது. அக்கருவி சிறு கிளினிக்கில் இராது.

நான்காம் உறுப்பு

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுவோனையும் மருத்துவத்தின் உறுப்பாக வைத்து நான்கென எண்ணுகிறது. பாரிசவாயுவைப் பொறுத்தமட்டில் இந்த நான்காமவரே முதலில் செயற்பட வேண்டியவர் ஆகிறார்.

அவர் நோக்க வேண்டியவை மூன்று. சிரிக்கச் சொன்னால் முகம் ஒருபுறம் கோணுகிறதா? இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா? ஒரு தொடரைச் சொல்லச் சொன்னால் பேச்சுக் குழறுகிறதா? ஒன்று காணப்படினும் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை உடனே அழைத்து ஆம்புலன்ஸ் வண்டியைக் கேட்டல் வேண்டும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுதலும் வேண்டும். விழுங்க இயலாதவருக்குப் புரையேறும் ஆதலால் உணவோ நீரோ கொடுக்கலாகாது. குருதிக் கசிவாயின் தீங்கு மிகுமாதலால் ஆஸ்பிரின் மாத்திரையும் ஆகாது. எண்ணெய் தேய்த்து நேரம் போக்குதலும் கூடாது.

பகல் வேளையில் பல வீடுகளில் பாட்டியோடு இருப்பவர் பள்ளிவிட்டு வந்த பேரப்பிள்ளையே. முகம், கை, பேச்சு என்னும் மூன்றையும் அழைக்க வேண்டிய எண்ணையும் வகுப்பறையில் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளைகூட வேண்டுவதில்லை. தமிழாசிரியர்கள் இதனை மேற்கொள்வார்களாயின், காற்றின் பெயர் தாங்கிய இந்நோயின் உண்மை இயல்பு வீடுதோறும் சென்று சேரும்.