சிறு குழுவில் ஐரோப்பிய நகர்வலம்

கொடியை உயர்த்திப் பிடித்தபடி ஒரு வழிகாட்டி முன்னால் நடக்க, நாற்பது ஐம்பது பேர் அவரைப் பின்தொடர்ந்து விரைவது ஐரோப்பிய நகரங்களில் நெடுங்காலமாகக் காணப்படும் காட்சியாகும். அத்தகைய பெரிய குழுக்களுக்கு மாற்றாக, ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினாறு பேர் வரை மட்டுமே செல்லும் சிறு குழுச் சுற்றுலாக்களும் இன்று நடத்தப்படுகின்றன. இவற்றில் நெரிசல் குறைவு. வழிகாட்டியிடம் கேள்வி கேட்க நேரமும் கிடைக்கும். ஆயினும், செலவைச் சிலரே பகிர்ந்துகொள்வதால் கட்டணம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். பயணியின் பொறுப்பும் கூடும். செக் குடியரசின் பிராக், ஆஸ்திரியாவின் வியன்னா, ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஆகிய மூன்று தலைநகரங்களுக்குச் செல்லும் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை அறிவோம்.

இம்மூன்று நாடுகளும் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தவை. ஆகவே, ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் செல்லும்போது வழக்கமாகக் கடப்பிதழ்ச் சோதனை இருக்காது. மலேசியர்களும் சிங்கப்பூரர்களும் 180 நாள்களுக்குள் 90 நாள்கள் வரை விசா இன்றி அங்குச் சுற்றுலா மேற்கொள்ளலாம். கடப்பிதழோ, அப்பகுதியை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதங்களுக்குச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். எல்லை தெரியாவிட்டாலும் நாணயம் மாறும். வியன்னாவில் யூரோ, பிராக்கில் கொருனா, புடாபெஸ்டில் ஃபோரிண்ட் ஆகியவை புழங்குகின்றன. கோடையில் நம் நாட்டைவிட அங்கு ஆறு மணி நேரமும், குளிர்காலத்தில் ஏழு மணி நேரமும் பின்தங்கியிருக்கும். எனவே, முதல் நாள் மாலையிலேயே கண்கள் சொருகுவது இயல்பே.

சிறு குழுக்கள் பலவேளைகளில் பொது இரயிலிலேயே பயணம் செய்கின்றன. பிராக்கிலிருந்து வியன்னாவிற்கு ஏறக்குறைய நான்கு மணி நேரமும், அங்கிருந்து புடாபெஸ்டிற்கு இரண்டரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகவும் ஆகும். தனிப் பேருந்து என்றால் தாமதமாக வருபவருக்காகச் சற்றுக் காத்திருக்கும். இரயில் யாருக்காகவும் காத்திருக்காது. ஒருவர் பத்து நிமிடம் தாமதித்தால் அனைவரின் அன்றைய திட்டமும் குலைந்துவிடும். மேலும், அவரவர் பயணப் பெட்டியை அவரவரே தூக்கி ஏற்ற வேண்டியிருக்கும். படிக்கட்டில் தனியாகத் தூக்க முடியாத பெட்டி, பயணத்திற்கு ஏற்ற பெட்டியன்று.

இத்தகைய சுற்றுலாவில் கால்களுக்கே வேலை அதிகம். பழைய நகர்ப்பகுதிகளின் குறுகிய தெருக்களில் கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். மழை பெய்தால் அவை வழுக்கும். பிராக்கில் உள்ள சார்ல்ஸ் பாலத்தின் கட்டுமானம் 1357ஆம் ஆண்டில் தொடங்கியது. அரை கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தை நடந்துதான் கடக்க வேண்டும். ஆகவே, புதிய அழகான காலணியைவிட, ஏற்கெனவே அணிந்து பழகிய காலணியே சிறந்தது.

வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனையில் 1,441 அறைகள் உள்ளன. பார்வையாளர்கள் அவற்றுள் ஏறக்குறைய நாற்பது அறைகளையே காண முடியும். நுழைவுச்சீட்டில் குறிக்கப்பட்ட நேரத்தில் வாயிலில் இருக்க வேண்டும். ஒரு நகரத்தின் எல்லாச் சிறப்புகளையும் இரண்டே நாளில் கண்டுவிடலாம் என்று எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். கண்ட சிலவற்றை வழிகாட்டியிடம் கேட்டுத் தெளிவாகப் புரிந்துகொள்பவருக்கே பயணம் நிறைவளிக்கும்.

நம் பழக்கங்கள் சிலவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கு வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. எனவே, சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். டிராம் வண்டிகளையும் கவனிக்க வேண்டும். மின்படிக்கட்டில் வலப்பக்கம் நின்று, இடப்பக்கத்தை விரைந்து செல்வோருக்கு விட வேண்டும். புடாபெஸ்டில் 1896ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிலத்தடி இரயில் இன்றும் ஓடுகிறது. அதில் தாள் பயணச்சீட்டைக் கையில் வைத்திருந்தால் மட்டும் போதாது. அதனை இயந்திரத்தில் செலுத்தி முத்திரையிட வேண்டும். தவறினால் அபராதம் செலுத்த நேரிடும். வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடப்பட்டிருக்கும். ஆனால், மலைநீரூற்றுகளிலிருந்து வரும் அந்நகரின் குழாய்நீரை அப்படியே பருகலாம். வெறும் புட்டி ஒன்றைக் கொண்டுசென்றால் செலவு மிச்சமாகும்.

உணவில் முன்னெச்சரிக்கை தேவை. ஹங்கேரியின் புகழ்பெற்ற குலாஷ் பெரும்பாலும் மாட்டிறைச்சியில் சமைக்கப்படுகிறது. வியன்னாவின் ஷ்னிட்ஸலில் மரபாகக் கன்றின் இறைச்சி சேர்க்கப்படும். சைவ உணவோ ஹலால் உணவோ தேவைப்படுவோர் பதிவு செய்யும்போதே அதனைத் தெரிவிக்க வேண்டும். மேசையில் உணவு வந்த பிறகு சொல்வது அனைவருக்கும் சங்கடத்தைத் தரும்.

பெரும்பாலான திட்டங்களில் ஓய்வு நேரம் ஒதுக்கப்படும். அப்போது குழுவைப் பிரிந்து செல்பவர், மீண்டும் கூடும் இடத்தையும் நேரத்தையும் தங்கும் விடுதியின் முகவரியையும் தாளில் குறித்துக்கொள்வது நல்லது. திறன்பேசியின் மின்கலம் எப்போது தீரும் என்று சொல்ல முடியாது. பிராக்கில் 1410ஆம் ஆண்டைச் சேர்ந்த வானியல் கடிகாரம் மணியடிக்கும்போது அதன் சிறு சன்னல்களில் உருவங்கள் வலம் வரும். எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் அந்த நிமிடமே பணப்பையைக் களவாடுவோருக்கு ஏற்ற நேரம். பையை முன்புறமாக அணிந்துகொண்டால் கவலையின்றிக் கண்டு மகிழலாம்.

இவை அனைத்திலும் முக்கியமானது ஒன்று உண்டு. பயணிகள் வியந்து பார்க்கும் தெரு, மற்றொருவரின் வீட்டு வாசல். சுற்றுப்பயணிகள் பெருகியதால் குடியிருப்போர் அமைதி இழந்தனர். இதனால் 2020ஆம் ஆண்டு முதல் ஆம்ஸ்டர்டாம் நகர மையத்தில் வழிகாட்டியுடன் செல்லும் குழுவில் பதினைந்து பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி வந்தது. வெனிஸ் நகரம் 2024ஆம் ஆண்டில் குழுவின் அளவை இருபத்தைந்து பேராகக் கட்டுப்படுத்தியதோடு ஒலிபெருக்கிகளையும் தடைசெய்தது. ஆகவே, சிறு குழு என்பது பயணியின் வசதிக்காக மட்டுமன்று. அந்நகரில் வாழும் மக்களின் நலனுக்காகவும்தான். ஆனால், பன்னிரண்டு பேர் வழியை மறித்து நின்று உரக்கப் பேசினால் ஐம்பது பேர் தரும் தொல்லையைத் தரமுடியும்.

குறித்த நேரத்தில் வருதல், தன் சுமையைத் தானே சுமத்தல், பிறர் வாழும் இடத்தை மதித்தல் ஆகிய மூன்றும் கடப்பிதழைப் போலவே இன்றியமையாதவை. இவற்றைக் கடைப்பிடிக்கும் பயணியோடு மீண்டும் பயணம் செய்ய உடன்வந்தவர்கள் விரும்புவர். அவரை மீண்டும் வரவேற்க அந்நகரமும் தயங்காது.