ஒரு கணிப்பொறிக்குள் மற்றொன்று



இந்தியாவின் முதல் எண்மக் கணிப்பொறி வந்திறங்கிய நகரம் நாம் பயிலும் இந்தக் கொல்கத்தாதான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், 1955-56ஆம் ஆண்டில், இங்கிலாந்திலிருந்து வந்த ‘ஹெச்.இ.சி.-2எம்’ என்னும் பொறி நிறுவப்பெற்றது. பத்தாண்டுகள் கழித்து, 1966இல், அந்நிறுவனமும் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் கூடித் தாமே ஒரு கணிப்பொறியை உருவாக்கின. அன்று ஓர் அறை நிறைய ஒரு பொறி. அதன்முன் காத்திருப்போர் பலர். இன்றோ ஒவ்வொரு மாணவர் மடியிலும் ஒரு பொறி. அதுமட்டுமன்று, அந்த ஒரு பொறிக்குள்ளேயே வேறு பொறிகளையும் குடியேற்றலாம்! அவ்வாறு குடியேறிய பொறியும் குடியளித்த பொறியும் ஒன்றோடொன்று பேசுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மெய்நிகர்க் கணிப்பொறி யாது?

கணிப்பொறிக்கு உறுப்புகள் பல: செயலி, நினைவகம், வட்டு, வலையமைப்பு அட்டை. இவ்வுறுப்புகள் யாவும் இருப்பதுபோன்ற தோற்றத்தை ஒரு மென்பொருள் உண்டாக்கிவிட்டால், அத்தோற்றத்தை நம்பி உள்ளே ஒரு முழு இயக்க முறைமை இயங்கும். இதுவே மெய்நிகர்க் கணிப்பொறி. கருத்து புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே ஒரு பெரும்பொறியைப் பல பொறிகளாகப் பகுத்துக் காட்டினர், 1972இல் ‘வி.எம்./370’ என அதனை விற்பனைக்கும் அறிவித்தனர். 1999இல் வி.எம்.வேர் நிறுவனம் அவ்வித்தையை மேசைக் கணிப்பொறிக்குக் கொணர்ந்தது. 2007இல் வெளிவந்த ‘விர்ச்சுவல்பாக்ஸ்’ விலையின்றிக் கிடைப்பதால், மாணவர்க்கு உகந்தது. யான் கையாள்வதும் அதுவே. கீழ்வரும் எண்களும் அதற்குரியவையே.

வெளிப்பொறியை ஆங்கிலத்தார் ‘ஹோஸ்ட்’ என்பர். உட்பொறியைக் ‘கெஸ்ட்’ என்பர். விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழிவந்த நமக்குச் சொல் தேடி அலைய வேண்டுவதில்லை. முன்னதை ஓம்புநர் என்றும், பின்னதை விருந்தினர் என்றும் வழங்குவோம்.

நமக்கு இதனால் ஆவதென்ன?

நம்மிற் பெரும்பாலோர் ஊரில் கடன்பெற்றோ, பெற்றோர் சேமிப்பைக் கரைத்தோ ஒரு மடிக்கணிப்பொறியுடன் ஹவுரா நிலையத்தில் வந்து இறங்கியவர்கள். இரண்டாவது பொறி வாங்குவது கனவிலும் இயலாது. முதுகலை இயற்பியல் மாணவனாகிய எனக்கு வேண்டிய கணக்கீட்டு நிரல்கள் லினக்ஸில் இயங்குவன. அறிக்கை எழுதும் மென்பொருளோ விண்டோஸில் உள்ளது. இருக்கும் ஒரே பொறியைக் கலைத்து லினக்ஸ் நிறுவத் துணிவு வருமா? ஆதலின் லினக்ஸை விருந்தினராக அழைத்துக்கொண்டேன். தவிரவும், கணிப்பொறி வலையமைப்பைக் கற்க விரும்பும் ஏழை மாணவனுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் இல்லை. உள்ளே எதைக் கெடுத்தாலும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். பிறர் பொருளுக்குத் தீங்கில்லை.

ஆயினும் விருந்தினர் ஊமையாய் இருப்பின் என்ன பயன்? உள்ளே கணித்த முடிவை வெளியே கொணர வேண்டாமா? இந்த இடத்தில்தான் நண்பர் பலர் சலித்து, முயற்சியைக் கைவிடுகின்றனர். உண்மையில் விளங்கிக்கொள்ள வேண்டியவை மூன்று வழிகளே.

முதல் வழி: நாட்

நம் நகரின் மெஸ் வீடுகளை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு பேர் தங்கியிருப்பினும் தெருவுக்குத் தெரிவது ஒரே கதவெண். உள்ளிருப்பவர் எழுதும் கடிதங்களை வாயிற்காவலர் வாங்கி, அவ்வீட்டின் முகவரியையே அனுப்புநர் முகவரியாக இட்டு அஞ்சலில் சேர்க்கிறார். எவர் எழுதியது என்பதைக் குறித்தும் வைத்துக்கொள்கிறார். பதில் வந்தால் உரியவரிடம் கொடுக்கிறார். ஆனால், யாரும் எழுதாமல் வெளியிலிருந்து வரும் கடிதத்தை யாருக்குக் கொடுப்பது என அவர் அறியார், திருப்பிவிடுவார்.

‘நாட்’ எனப்படும் முறை இதுவே. விர்ச்சுவல்பாக்ஸில் விருந்தினருக்கு இயல்பாக அமைவதும் இதுதான். அவருக்கு 10.0.2.15 என்னும் முகவரி கிடைக்கிறது, 10.0.2.2 அவருடைய வாயில். உள்ளிருந்து இணையத்தைக் காணலாம். ஆனால் ஓம்புநரே கூப்பிட்டாலும் விருந்தினர் செவியில் விழாது. இரு விருந்தினர் இருப்பினும் இருவருக்கும் அதே 10.0.2.15! ஒருவரையொருவர் அறியார்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. “என்னுடைய 2222ஆம் வாயிலுக்கு வருவதை விருந்தினரின் 22ஆம் வாயிலுக்கு அனுப்பு” என்று காவலரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். 22 என்பது எஸ்.எஸ்.எச். எனப்படும் தொலைநுழைவுக்குரிய வாயில். ஒன்றிரண்டு பணிகளுக்கு இதுவே போதும்.

இரண்டாம் வழி: பிரிட்ஜ்

இது விருந்தினருக்குத் தெருவை நோக்கித் தனிக்கதவு வைத்துக் கொடுப்பது. ஓம்புநர் எந்த வலையமைப்பில் உள்ளாரோ, அதே வலையமைப்பில் அவருக்கு இணையாக விருந்தினரும் தனி முகவரி பெறுகிறார். அனைவரும் அவரைக் காணலாம். அவரும் அனைவரையும் காணலாம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் விடுதியிலும் பல்கலைக்கழகத்திலும் இது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. ஏன்? கம்பியில்லா வலையமைப்பு, தன்னிடம் இணைந்த அட்டையின் வன்பொருள் முகவரியை மட்டுமே ஏற்கும். ஒரே அட்டைவழி வேறொரு முகவரி பேசினால் புறக்கணிக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் இதற்கு ஏதோ உபாயம் செய்கிறது எனினும் எல்லா இடத்தும் அது பலிப்பதில்லை. பதிவுபெற்ற பொறிகளை மட்டும் அனுமதிக்கும் வளாகங்களிலோ, அறியாத பொறி ஒன்று தலைகாட்டினால் இணைப்பையே துண்டிக்கவும் கூடும். பாதுகாப்பற்ற சோதனைப் பொறியை விடுதி முழுவதற்கும் திறந்துவைப்பது அறமும் ஆகாது.

மூன்றாம் வழி: ஹோஸ்ட் ஒன்லி

இது வீட்டிற்குள்ளேயே அமைந்த படிக்கட்டு. தெருவுக்குத் தெரியாது. ஓம்புநருக்கு இயல்பாக 192.168.56.1 என்னும் முகவரி அமைகிறது. முகவரி வழங்கும் பணியை விர்ச்சுவல்பாக்ஸே ஏற்றிருப்பின், விருந்தினருக்கு 192.168.56.101 முதலான எண்கள் கிடைக்கும். இருவரும் தாராளமாகப் பேசலாம்; விருந்தினர் பலராயின் தமக்குள்ளும் பேசலாம். ஆனால் இப்படிக்கட்டின் வழியே இணையத்துக்குச் செல்ல இயலாது.

ஏற்ற அமைப்பு எது?

முதலும் மூன்றும் கூடியதே மாணவர்க்கு ஏற்றது என்பேன். மெய்நிகர்ப் பொறிக்கு ஓர் அட்டையோடு நிறுத்த வேண்டும் என்னும் விதியில்லையே! விருந்தினரை அணைத்துவிட்டு அமைப்புப் பகுதியில் வலையமைப்பைத் திறவுங்கள். முதல் அட்டை நாட்டாகவே இருக்கட்டும், அது இணையத்துக்கு. இரண்டாம் அட்டையை இயக்கி, ஹோஸ்ட் ஒன்லி எனத் தேர்ந்தெடுங்கள். அது ஓம்புநரோடு பேச. பின்னர் விருந்தினரை எழுப்பி, லினக்ஸாயின் ‘ஐ.பி. ஏ’ என்னும் கட்டளையை இடுங்கள். 10.0.2 எனத் தொடங்கும் முகவரி ஒன்றும், 192.168.56 எனத் தொடங்கும் முகவரி ஒன்றும் தெரிந்தால் வேலை முடிந்தது.

தெரியாவிட்டால்?

காரணங்களை வரிசையாகக் காண்போம். உபுண்டுவின் சர்வர் வகையில், பின்னர்ச் சேர்த்த அட்டைக்குத் தானாக முகவரி வராது; ‘நெட்பிளான்’ கோப்பில் அதனைக் குறிப்பிட வேண்டும். ஒரு விருந்தினரைப் படியெடுத்து இன்னொருவரை உண்டாக்கினீர்களாயின், வன்பொருள் முகவரியும் அப்படியே படியெடுக்கப்பட்டதா எனப் பாருங்கள்; ஒரே முகவரியில் இருவர் இருப்பின் கடிதம் எவரைச் சேரும்? படியெடுக்கும்போதே புது முகவரி கேட்பது நன்று.

முகவரி இருந்தும் ‘பிங்’ கட்டளைக்கு விண்டோஸ் ஓம்புநர் விடையளிக்காமல் இருக்கலாம். வலையமைப்புக் கெட்டதென அஞ்ச வேண்டா. அதன் தீயரண் அக்கேள்வியைத் தடுத்திருக்கக் கூடும். மறுதிசையில், ஓம்புநரிலிருந்து விருந்தினரைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

மற்றொன்று மிக நுண்ணியது. ‘ஜூபிட்டர்’ போன்ற நிரல்கள் இயல்பாக 127.0.0.1 என்னும் முகவரியில் மட்டுமே செவிசாய்க்கும். இவ்வெண்ணின் பொருள் ‘நானே’ என்பதாகும். விருந்தினர் உள்ளே சொல்லும் ‘நானும்’ ஓம்புநர் வெளியே சொல்லும் ‘நானும்’ ஒன்றல்லவே! ஆதலின் ஓம்புநரின் உலாவியில் 127.0.0.1 எனத் தட்டினால் ஒன்றும் வாராது. நிரலை 192.168.56.101 என்னும் முகவரியிலும் செவிசாய்க்கச் செய்து, உலாவியில் அம்முகவரியையும் 8888 என்னும் வாயில் எண்ணையும் இடுக.

நண்பர்களே! இவற்றைக் கற்றுணர ஒரு மாலைப்பொழுது போதும். அதன் பயனோ பெரிது. முகவரி, வாயில், தீயரண் எனும் இம்மூன்றும் உங்கள் மடிக்குள் எங்ஙனம் இயங்குகின்றனவோ, அங்ஙனமே உலகப் பெருவலையிலும் இயங்குகின்றன. இன்று வாடகைக்குக் கிடைக்கும் ‘மேகக்’ கணிப்பொறிகளிற் பெரும்பாலானவையும் இத்தகைய விருந்தினரே. இவற்றையெல்லாம் செல்வர்தாம் கற்க இயலும் என்றிருந்த காலம் போயிற்று. ஒரே பொறியுடையோரும் பல பொறிகளை ஆளலாம். மன்றத்தில் கூடும் நாளில் பொறியைக் கையோடு கொணருங்கள். ஒருவர்க்கொருவர் துணையாக இருந்து செய்து பார்ப்போம்.