ஆயாக் கொட்டகையும் அம்மாவின் வேலையும்

தோட்டத்து ஆயாக் கொட்டகையை நிர்வாகம் இரக்கப்பட்டுச் செய்யும் உதவி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியல்ல. பால்மரம் வெட்டும் தாய்க்குக் கத்தியும் வாளியும் எவ்வளவு தேவையோ, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமும் அவ்வளவு தேவை.

ஏன்? ரப்பர் மரப் பட்டையிலுள்ள பால் குழாய்களில் விடியற்காலையில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகிப் போவதால் அழுத்தம் குறைந்து, பாலும் குறைகிறது. பிள்ளையை விட ஆளில்லாமல் அலைந்து, நேரம் கழித்துக் காட்டுக்குப் போகும் தாயின் வாளி நிறையாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. தவறிப்போன அந்த நேரம்தான்.

இன்னொன்றும் உண்டு. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே, புதுப் பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அதில் பட்டால் மரம் காயப்பட்டு, பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை நினைத்துப் பதறும் கை ஆழமாக வெட்டிவிடக்கூடும். அப்போது நட்டம் தோட்டத்துக்கும்தான்.

கொட்டகை இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுத் தம்பியைத் தூக்குகிறாள். அம்மாவின் ஒருநாள் கூலிக்கு மகளின் படிப்பு விலையாகிறது. இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாமா?

சட்டம் நமக்குத் துணையாக இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் குழந்தைக் காப்பகத்துக்கும் இடமுண்டு. தீபகற்ப மலேசியாவில் 60 நாளாக இருந்த பிரசவ விடுமுறை, 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாகியது. தகுதியுள்ள தந்தைக்கும் சம்பளத்துடன் 7 நாள் விடுமுறை உண்டு; அவர் அந்த முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவர்களுக்கும் இவை பொருந்தும்.

ஆகவே, கருவுற்ற செய்தியை நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஐயம் இருந்தால் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் இலாகாவிலோ கேளுங்கள். வீட்டு ஆண்களே, விடியற்காலையில் அடுப்பையும் பிள்ளையையும் நீங்களும் பங்குபோட்டுக்கொண்டால், தாயின் பாரம் அன்றைக்கே குறையும்.