பரோட்டா மாஸ்டர் ஏன் கடை மாறுகிறார்?

ஒரு கல், கேஸ் அடுப்பு, நாலு மேஜை இருந்தால் பரோட்டாக் கடை போட்டுவிடலாம். அதனாலேயே கொஞ்சம் வியாபாரம் நடந்தால் எதிரிலேயே இன்னொரு கடை முளைக்கிறது. போட்டியில் விலையை ஏற்ற முடியாத முதலாளி கடைசியில் கைவைப்பது கூலியில்தான். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

மைதாவும் எண்ணெயும் எல்லாக் கடைக்கும் ஏறக்குறைய ஒரே விலை. வித்தியாசமெல்லாம் மாஸ்டர் கையில். மாவு எவ்வளவு ஊற வேண்டும் என்பதை விரலால் அழுத்தியே சொல்லிவிடுவார். உருண்டையை வீசி மெல்லிசாக விரித்து, சுருட்டி, கல்லில் போட்டு எடுத்த சூட்டோடு அடுக்கிவைத்து இரு கையாலும் அடிப்பார். இதழ் இதழாகப் பிரியும். வருஷக்கணக்கில் அனல் முன்னே நின்று பழகிய வேலை அது.

இப்படிப்பட்டவரைப் பிடித்துவைக்கக் கடைக்காரர்கள் நம்புவது அட்வான்ஸை. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துத் தினக்கூலியில் கழிப்பார்கள். எதிர்க்கடைக்காரர் அந்தப் பாக்கியை அடைத்து அவரை அழைத்துக்கொள்வார். கடன் கைமாறும், கூலி அப்படியே இருக்கும். அட்வான்ஸைக் காட்டி வேறிடம் போகவிடாமல் வேலை வாங்குவது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பல முதலாளிகள் யோசிப்பதே இல்லை.

கூலியை ஏற்றினால் கட்டுப்படியாகுமா? மாஸ்டருக்கு நாளுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 கூட்டினால் 26 நாளுக்கு 5,200. கடையில் பொருள் செலவு போக நாளுக்கு 4,000 நிற்கிறது என்றால், அவர் இல்லாமல் இரண்டு நாள் அடைத்தாலே 8,000 போச்சு. அவர் கூலி 2,000 மிச்சம் என்றாலும் 6,000 நஷ்டம். வாடகையும் சும்மா இருக்காது.

ஆள் எடுக்கும்போது ஒரு சாயங்காலம் கல்லில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் கூலி கொடுங்கள். வாரம் ஒருநாள் விடுப்பைச் சம்பளத்தோடு கொடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் சப்ளையர், கிளீனருக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம். 12,000 சம்பளத்துக்கு முதலாளி பங்கு 390 ரூபாய், தொழிலாளி பங்கு 90.

கிளீனராகச் சேர்ந்தவர் மாவு பிசையப் பழகிவிட்டால், அவர் கேட்கும்முன் கூலியை உயர்த்துங்கள். மாஸ்டர் ஊருக்குப் போகும் நாளில் கல்லில் நிற்கப்போவது அவர்தான்.